டீசலில் கழுவிய பாட்டில்

ஜூன் 4

அக்காவுக்கு,

நான்கு வருடம் கழித்து எழுதுகிறேன். போன் செய்யலாம்தான். நீ எடுக்க மாட்டாய், எடுத்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடும். காகிதத்தில் என்றால் நடுவில் புகுந்து என் பேச்சை வெட்ட முடியாதல்லவா.

பதிலை வீட்டு விலாசத்துக்குப் போடாதே. டெப்போவுக்கு எதிரில் பஞ்சர் கடை இருக்கிறது, அந்த விலாசத்தை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். ஏன் என்று போகப் போகப் புரியும்.

பேப்பரில் பார்த்திருப்பாய். போன மாதம் 27ஆம் தேதி எங்கள் டெப்போவின் பன்னிரண்டாம் நம்பர் பஸ் மேட்டிலிருந்து இறங்கும்போது எஞ்சின் இறுகிப்போய் அப்படியே நின்றுவிட்டது. எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் திரும்பாது. வளைவில் நேராகப் போய் மதில் சுவரில் மோதிவிட்டது. உள்ளே நான்கு பயணிகள்தான், சிராய்ப்போடு தப்பித்தார்கள். ஓட்டியவன் நெட்டை. என் கல்யாணத்தில் டியூப் லைட்டில் தலையை இடித்துக்கொண்டானே, அவன்தான். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அந்த வண்டிக்கு மெக்கானிக் நான். ஆயில் மாற்றாமல் ஏமாற்றிவிட்டேன் என்று என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஜூலை 10ஆம் தேதி விசாரணை. நான் மாற்றினேன் அக்கா. மார்ச் கடைசியில் என் கையால் மாற்றினேன். கோளாறு ஆயிலில்தான். ஸ்டோரில் டிரம்மைத் திறந்து ஆயிலை எடுத்து விற்றுவிட்டு டீசலைக் கலக்கிறார்கள். ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவன் யார் என்று உனக்குத் தெரியும். என் மனைவியின் சொந்த அண்ணன். மச்சான் மச்சான் என்று தோளில் கை போட்டுக்கொண்டு திரிந்தவன். இப்போது வீட்டில் நான் வாயைத் திறந்தால் அது அரை மணி நேரத்தில் அவன் காதில் இருக்கிறது. பஞ்சர் கடை விலாசம் எதற்கு என்று இப்போது புரிந்ததா.

அதிகாரிகள் வண்டிக்கு சீல் வைப்பதற்கு முன்னால் எஞ்சின் அடித்தொட்டியிலிருந்து ஒரு பாட்டில் ஆயில் இறக்கி வைத்துவிட்டேன். தனிப் பார்சலில் வருகிறது. உன் லேபில் இருக்கிற மெஷினில் போட்டுப் பார்த்து, டீசல் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. எனக்கு வேறு வழி இல்லை. இருந்திருந்தால் உன்னிடம் வந்திருக்க மாட்டேன் என்று உனக்கே தெரியும்.

தம்பி

*

ஜூன் 9

தம்பிக்கு,

பார்சல் வந்தது. பாட்டில் உடையவில்லை. மூடியில் நீ சுற்றியிருந்த டேப்பைப் பிரிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

பழைய கதையை முதலில் பேசி முடித்துவிடுவோம். நான்கு வருடத்துக்கு முன்னால் உன் வீட்டுச் சமையல் எண்ணெயின் வாசனை எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு ஸ்பூன் எடுத்துக்கொண்டுபோய்ப் பரிசோதித்தேன். சுத்தமான எண்ணெய் என்று முடிவு வந்தது. வந்ததை மறைக்காமல் உன் மனைவிக்கு எழுதியும் போட்டேன். அதைப் படித்துத்தான் நான் எடுத்துப் போனதே அவளுக்குத் தெரிந்தது. "எங்க அண்ணன் வாங்கிக் குடுத்த எண்ணெயை லேபுக்கு அனுப்பினாங்களா?" என்று அவள் அழ, இனிமேல் இந்த வீட்டுப் பக்கம் வராதே என்று நீ சொன்னாய். அன்று அதே மனிதர்மேல் சந்தேகப்பட்டது நான். இன்று நீ. சிரிக்க வேண்டிய விஷயம்தான், சிரிப்பு வரவில்லை.

நெட்டையை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. அதற்காக நீ கேட்பதை எழுதிக் கொடுக்க முடியாது. மெஷின் சொல்வதைத்தான் எழுதுவேன்.

அது என்ன சொல்லும் என்று உனக்குப் புரிய வேண்டும். குரோமட்டோகிராபி, புத்தகத்தில் இதற்கு வண்ணப்பிரிகை என்று பெயர், ஆனால் இதில் வண்ணமும் இல்லை ஒன்றும் இல்லை. முப்பது மீட்டர் நீளக் குழாய். உள்ளே ஒரு தலைமுடி நுழைகிற அளவுக்குத்தான் துளை. அதைச் சுருட்டி ஓர் அடுப்புக்குள் வைத்திருக்கிறோம். ஒரு வாயில் துளி ஆயிலைக் கரைத்துச் செலுத்தினால் அது ஆவியாகி, பின்னால் வாயு தள்ள, அந்தக் குழாய் முழுக்க ஓடி மறுபக்கம் வர வேண்டும். அடுப்பின் சூடு மெல்ல மெல்ல ஏறும். ஆயில் என்று நீ ஒரே பெயரில் சொல்வது ஆயிரக்கணக்கான ஹைட்ரோகார்பன்கள். சின்னது, லேசானது முதலில் வெளியே வரும். பெரியது, கனமானது முக்கி முனகிக் கடைசியில் வரும். வரும்போது ஒவ்வொன்றும் திரையில் ஒரு முனையை வரைந்துவிட்டுப் போகும்.

எஞ்சின் ஆயிலில் இருப்பவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருவதால் தனித்தனி முனை தெரியாது. எருமை படுத்திருப்பதுபோல் ஒரே மேடு. டீசல் அதற்கு முன்னாலேயே வந்துவிடும். அதில் சம இடைவெளியில் சீப்புப் பல் மாதிரி முனைகள் நிற்கும். எருமைக்கு முன்னால் சீப்பு இருந்தால் ஆயிலில் டீசல் இருக்கிறது. அவ்வளவுதான் சங்கதி.

ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. ஸ்டோர் டிரம்மிலிருந்தும் ஆயில் வேண்டும். யார் எடுத்தது, எப்போது, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எழுது. இனி உன் அபிப்பிராயத்தை எழுதாதே. அது என் தலையில் இருந்தால் கண் அதையே தேடும்.

வெளி மாதிரி என்று படிவம் போட்டுப் பதிவு செய்திருக்கிறேன். கொடுத்தவர் என்ற இடத்தில் தம்பி என்று எழுதினேன். பதிவான பிறகு முடிவு எதுவானாலும் அது இங்கே இருக்கும், அழிக்க முடியாது.

அக்கா

*

ஜூன் 14

அக்காவுக்கு,

எருமை, சீப்பு எல்லாம் புரிந்தது. நான் ஒன்றும் மக்குப் பிள்ளை இல்லை.

டிரம் ஆயில் இத்துடன் வருகிறது. நான் டெப்போவுக்குள் கால் வைக்க முடியாது. பஞ்சர் கடைக்காரரை அனுப்பினேன். கம்ப்ரசருக்குக் கொஞ்சம் ஆயில் வேண்டும் என்று கேட்கச் சொன்னேன். ஜூன் 12, பகல் பதினொன்றரை. மச்சான் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூடியைத் திருகி, புனலை வைத்து, புது பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருக்கிறான். "இன்னும் வேணுமா?" என்று வேறு கேட்டானாம். ஒரு திருகாணிக்கே மூன்று கையெழுத்து கேட்கிற ஆள் இப்படி வாரிக் கொடுத்தால் அதில் ஏதோ இருக்கிறது. விபத்துக்குப் பிறகு டிரம்மையே மாற்றியிருப்பான். அபிப்பிராயம் எழுதாதே என்றாய், மன்னித்துக்கொள். சும்மா இருக்க முடியவில்லை.

வீட்டில் என் மனைவி என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. நான் வெளியே கிளம்பினால் ஜன்னலில் நிற்கிறாள். நேற்று என் சட்டைப் பையில் பார்சல் ரசீதைத் தேடினேன், காணோம். துவைக்கப் போட்டபோது எடுத்துவைத்தாளா, படித்தாளா தெரியவில்லை. கேட்டால் நான் எதையோ மறைக்கிறேன் என்று ஆகிவிடும். மறைக்கத்தான் செய்கிறேன்.

சீக்கிரம் பார். இருபத்தாறு நாள்தான் இருக்கிறது.

தம்பி

*

ஜூன் 20

தம்பிக்கு,

இரண்டு மாதிரியையும் மூன்று மூன்று தடவை ஓட்டினேன். ஒரே முடிவுதான் வருகிறது.

டிரம் ஆயில் சுத்தம். மேடு மட்டும்தான், முன்னால் கோடு தரையோடு தரையாகக் கிடக்கிறது. விபத்துக்குப் பிறகு டிரம்மை மாற்றியிருப்பான் என்று நீ சொல்வாய் என்று தெரியும். அதனால் உன் முதல் பாட்டிலுக்கு வருகிறேன்.

அதில் டீசல் இருக்கிறது. நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு. நீ சந்தோஷப்படுவதற்கு முன்னால் மேலே படி.

சீப்பின் முன்பல்கள் இருக்கின்றன. டீசலில் இருக்கும் மிக லேசான ஹைட்ரோகார்பன்கள் அவை. ஓடுகிற எஞ்சினில் ஆயில் எவ்வளவு சூடாகும் என்று எனக்கு நீ சொல்ல வேண்டும், நான் உனக்குச் சொல்லக் கூடாது. அந்தச் சூட்டில் தினம் எட்டு மணி நேரம், இரண்டு மாதம் கிடந்த டீசலில் அந்த முன்பல்கள் ஆவியாகிப் பறந்திருக்க வேண்டும். பின்பல்கள் மட்டும்தான் மிஞ்சும். உன் பாட்டிலில் முதல் பல் முதற்கொண்டு அத்தனையும் அப்படியே நிற்கின்றன. அந்த டீசல் எஞ்சினையே பார்த்ததில்லை. பெட்ரோல் பங்க்கில் வாங்கியபடி நேராகப் பாட்டிலுக்குள் போயிருக்கிறது.

பாட்டிலை நிரப்பியது நீ. டேப் சுற்றியது நீ. அனுப்பியது நீ.

உன்மேல் பழி விழாமல் இருக்க உன் மச்சான் தலையில் கட்டப் பார்க்கிறாய், அதற்கு என் கையெழுத்தைக் கேட்கிறாய். வேறு விதமாக எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. உன்னை எத்தனையோ விஷயத்துக்குத் திட்டியிருக்கிறேன், பொய்யன் என்று மட்டும் சொன்னதில்லை.

கையெழுத்துப் போட மாட்டேன்.

அக்கா

*

ஜூன் 23

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பஞ்சர் கடையில் நின்றுகொண்டே படித்தேன். கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு "உக்காருங்க" என்றார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

நான் டீசலை ஊற்றினேனா? என் பிள்ளைகள்மேல் சத்தியமாக இல்லை. நீ எதையும் டெஸ்ட் பண்ணாமல் நம்ப மாட்டாய், டெஸ்ட் பண்ணினாலும் மனிதனை நம்ப மாட்டாய். உன் மெஷினுக்கு மேடும் பல்லும் தெரியும். கூடப் பிறந்தவனைத் தெரியாது.

அழுக்கு அழுக்கு என்று சின்ன வயதிலிருந்து என்னை விரட்டியவள் நீ. நான் தொட்ட டம்ளரில் தண்ணீர் குடிக்க மாட்டாய். அந்த நினைப்பில்தான் இந்த முறை உனக்கு அனுப்பும் பாட்டிலாவது சுத்தமாக இருக்கட்டும் என்று மூன்று தடவை டீசலில் அலசி, கவிழ்த்து வைத்து, அதற்குப் பிறகுதான் ஆயிலை இறக்கினேன். அவ்வளவு மரியாதை செய்ததற்கு எனக்குப் பட்டம் பொய்யன்.

அந்த வண்டியை நான் எப்படி வைத்திருந்தேன் என்று டெப்போவில் யாரை வேண்டுமானாலும் கேள். மற்ற வண்டியெல்லாம் வாரத்துக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கும். என் பன்னிரண்டாம் நம்பரில் மார்ச்சில் மாற்றியதிலிருந்து ஒரு சொட்டு குறையவில்லை. அளவுக் குச்சியை விட்டுப் பார்த்தால் மேல் கோட்டில் அப்படியே நிற்கும். "என்ன மாயம் பண்றே?" என்று நெட்டை கேட்பான். அப்படிப்பட்ட வண்டியை நான் கவனிக்காமல் விட்டேன் என்கிறார்கள், நீ அதற்கும் மேலே போய்விட்டாய்.

இனி நீ ஒன்றும் பார்க்க வேண்டாம்.

தம்பி

*

ஜூன் 26

தம்பிக்கு,

டீசலில் கழுவினாயா?

இந்த வரியைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேன், பிறகு அழுதேன். பக்கத்து மேஜையில் இருப்பவர் என்ன என்று கேட்டதற்குத் தம்பி பாட்டில் கழுவினான் என்று மட்டும் சொன்னேன்.

உனக்கு டீசல் தண்ணீர் மாதிரி. கை கழுவுவதும் அதில், நட்டு போல்ட்டு ஊற வைப்பதும் அதில். டீசலில் கழுவினால் சுத்தம் என்று நீ நினைப்பாய் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். கவிழ்த்து வைத்தாலும் சுவரிலும் அடியிலும் இரண்டு மூன்று ஸ்பூன் ஒட்டிக்கொண்டிருக்கும். அது போதும். உன்னைப் பொய்யன் என்று எழுதியது தப்பு. மன்னித்துவிடு. கேட்காமல் முடிவு கட்டினேன். மெஷின் தப்புச் செய்யவில்லை, நான் செய்தேன்.

ஆனால் உன் கடிதத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதைக் கேட்காமல் விட்டால் நான் நானாக இருக்க மாட்டேன்.

எந்த எஞ்சினும் கொஞ்சமாவது ஆயில் குடிக்கும். மூன்று வாரத்தில் குறையாவிட்டால் நல்ல எஞ்சின் என்று சொல்லலாம். இரண்டு மாதம் குறையவே இல்லை என்றால், குறைந்த இடத்தை வேறு எதுவோ நிரப்பிக்கொண்டிருக்கிறது. டீசல் பம்பின் ஷாஃப்ட் சீல், அந்தக் கசிவைத் தடுக்கிற ரப்பர் வளையம், தேய்ந்தால் டீசல் எஞ்சினுக்குள் கசியுமா? குச்சியை இழுத்துப் பார்க்கும்போது டீசல் வாசனை அடித்ததா? ஆயில் நீர்த்துப்போனால் அழுத்தம் குறையும். டிரைவர் முன்னால் அதற்கென்று ஒரு சிவப்பு விளக்கு இருக்கும் என்கிறார்கள். அது எரிந்ததா?

முதல் பாட்டிலை வைத்து இதைச் சொல்ல முடியாது. நீ கழுவிய டீசல் மேலே வந்து மூடிக்கொள்கிறது. எஞ்சினில் இருந்த ஆயில் ஃபில்டர் கிடைக்குமா? அதன் காகித மடிப்பில் ஆயில் ஊறியிருக்கும். கிடைத்தால் அலுமினியத் தாளில் சுற்றி அனுப்பு. கழுவாதே. துடைக்கக்கூட வேண்டாம். எவ்வளவு அழுக்காக இருந்தாலும் பரவாயில்லை.

அக்கா

*

ஜூலை 2

அக்காவுக்கு,

உன் மன்னிப்புக் கிடைத்தது. அதை வைத்துக்கொள்கிறேன்.

நீ எங்கே போகிறாய் என்று எனக்குத் தெரிகிறது. மச்சானை விட்டுவிட்டு மறுபடியும் என் பக்கம் திரும்பியிருக்கிறாய். கேள்வி மாதிரி எழுதியிருக்கிறாய், ஆனால் உனக்குப் பதில் தெரியும்.

சீல் தேய்ந்தால் கசியும். ஆமாம். வாசனை அடித்ததா என்றால், எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருடமாக டீசலிலேயே கிடக்கிறேன். என் மூக்குக்கு டீசல் வாசனை செத்துப் பல காலம் ஆகிவிட்டது. என் மனைவி சொன்னால்தான் சட்டையில் வாசனை இருப்பது தெரியும்.

ஃபில்டர் என்னிடம்தான் இருக்கிறது. பாட்டில் இறக்கிய அன்றே கழற்றி எடுத்துவந்து பரணில் போட்டிருந்தேன். உன் கடிதம் வந்த பிறகு நாலு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாக்கடையில் போட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு தடவை கையில் எடுத்துக்கொண்டு வாசல்வரை போனேன். என் மனைவி பார்த்துவிட்டாள். "அது எங்க அண்ணனை மாட்டிவிடுறதுக்கா, காப்பாத்துறதுக்கா?" என்றாள். பார்சல் ரசீதையும் அவள்தான் எடுத்து வைத்திருக்கிறாள். இத்தனை நாளும் தெரியும். அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் அவளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஃபில்டரை அனுப்பியிருக்கிறேன். சுற்றியது அவள். நான் தொடவில்லை.

ஒன்று கேட்கிறேன். கோபப்படாதே. இது எனக்கு எதிராக வந்தால், முதல் பாட்டிலின் முடிவை மட்டும் எழுதிக் கொடுக்க முடியுமா? அதில் டீசல் இருந்தது என்பது பொய் இல்லையே. கழுவிய விஷயம் உனக்கும் எனக்கும்தான் தெரியும்.

நெட்டையைப் போய்ப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். பல்பு நன்றாக இருக்கிறதே என்று அதிகாரிகள் அவனைக் குடைகிறார்கள். அதற்கு மேல் அதைப் பற்றி என்னிடம் கேட்காதே.

தம்பி

*

ஜூலை 6

தம்பிக்கு,

ஃபில்டரில் ஊறியிருந்த ஆயிலைப் பிழிந்து ஓட்டினேன். எருமைக்கு முன்னால் சீப்பு இருக்கிறது. முன்பல்கள் பறந்துவிட்டன, பின்பல்கள் மட்டும் நிற்கின்றன. நூற்றுக்கு ஒன்பது பங்கு. நாள்கணக்கில் சூட்டில் வெந்த டீசல் அது. வெளியிலிருந்து யாரும் ஊற்றவில்லை. எஞ்சினுக்குள்ளேயே கசிந்துகொண்டிருந்திருக்கிறது. டிரம்மில் ஆயில் சுத்தமாக இருப்பதோடு இதைச் சேர்த்துப் பார்த்தால் உன் மச்சான்மேல் எந்தத் தப்பும் இல்லை.

நீ ஆயில் மாற்றியதும் உண்மை. அப்படியே கிடந்த பழைய ஆயில் இப்படி இருக்காது. அதையும் எழுதியிருக்கிறேன். நீ எங்கே தவறினாய் என்றால், குறையாத ஆயிலைப் பார்த்துப் பெருமைப்பட்ட இடத்தில்.

முதல் பாட்டிலின் முடிவை மட்டும் தர மாட்டேன். நீ கேட்டாய் என்பதை நான் மறந்துவிடுகிறேன். பயத்தில் கேட்டாய். அந்த ஃபில்டரைச் சாக்கடையில் போடாமல் அனுப்பினாயே, அதைத்தான் நினைவில் வைத்துக்கொள்வேன்.

மூன்று மாதிரிகளின் ரிப்போர்ட்டும் இதோடு இருக்கிறது. பாட்டிலை டீசலில் கழுவியதும் அதில் ஒரு வரியாக இருக்கிறது. விசாரணை அதிகாரிகளுக்கு நான் நேராக அனுப்பவில்லை. உன்னிடம் தருகிறேன். மேஜைமேல் வைப்பது உன் கையில் இருக்கிறது.

நான் கேட்ட மூன்று கேள்வியில் இரண்டுக்குத்தான் பதில் வந்தது. அழுத்தம் குறைந்திருக்கிறது, பல்பு நன்றாக இருக்கிறது, விளக்கு எரியவில்லை. இந்த மூன்றும் சேர்ந்து நிற்காது. கேட்காதே என்றாய், கேட்கவில்லை. ஆனால் நெட்டையையும் யாரோ இப்படி உட்கார வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள், அவனுக்குச் சொல்லப் பதில் இருக்கிறதா என்று மட்டும் யோசி.

அக்கா

*

ஜூலை 12

அக்காவுக்கு,

விசாரணை முடிந்துவிட்டது.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள். இந்தப் பக்கம் நானும் மச்சானும். அவன் மடியில் தடியாக ஒரு ஃபைல், டிரம் வந்த தேதி, சீல் நம்பர் எல்லாம் வைத்திருந்தான். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

உன் ரிப்போர்ட்டை நானே எடுத்து வைத்தேன். பாட்டில் கழுவிய வரி வந்ததும் ஓர் அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பம்பைக் கழற்றிப் பாருங்கள் என்றேன். வண்டிக்குக் கூட்டிக்கொண்டுபோய் எல்லோர் முன்னாலும் கழற்றினார்கள். சீல் உதடு தேய்ந்து கிழிந்திருந்தது. மச்சான் ஃபைலை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். திரும்பி வரும்போது என்னிடம் சொன்னான்: "பஞ்சர் கடைக்காரர் எதுக்கு வந்தார்னு அன்னிக்கே தெரியும். டெஸ்ட் பண்ணட்டும்னுதான் கேள்வி கேக்காம குடுத்தேன்." அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "வீட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்றான். இன்னும் போகவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அதோடு எனக்கு முடிந்திருக்கும். சீல் தேய்வது எந்த வண்டியிலும் நடக்கிறதுதான், கவனம் போதாது என்று ஓர் எச்சரிக்கை கொடுத்து அனுப்பியிருப்பார்கள். பிறகு நெட்டையின் வாக்குமூலத்தை வாசித்தார்கள். விளக்கு எரியவில்லை, எரிந்திருந்தால் நிறுத்தியிருப்பேன் என்று எழுதியிருந்தான். நடுவில் இருந்தவர் தலையை ஆட்டினார். "பல்பு எரியுது. ஒயர் கழண்டிருக்கு, ஆனா அது மோதினதுல கழண்டது. விளக்கு எரியுறதைப் பாத்துக்கிட்டே ஓட்டியிருக்கார்." சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார். காலில்லாதவன், அந்த அறையில்கூட இல்லாதவன், அவன் தலையில் எழுதுகிறார்கள்.

எனக்கு உன்மேல் கோபம் வந்தது. நீ அந்தக் கடைசி வரிகளை எழுதாமல் இருந்திருந்தால் நான் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

எழுந்து நின்று சொன்னேன். "மோதினதுல கழண்டது இல்லை சார். நான்தான் கழட்டினேன். மே மாசமே விளக்கு மினுக்க ஆரம்பிச்சுது. நெட்டை என்கிட்ட வந்து சொன்னான். ஆயில் மேல் கோட்டில் நிக்குது, அழுத்தம் எப்படிக் குறையும், அழுத்தத்தைப் பாத்து விளக்கைப் போடுற ஸ்விட்ச்தான் கோளாறுன்னு நினைச்சேன். புது ஸ்விட்ச் வர்ற வரைக்கும்னு ஒயரைக் கழட்டி விட்டேன். அவன் பாக்கிறதுக்கு விளக்கே இல்லை."

மச்சான்தான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

வேலை போய்விட்டது. அத்தோடு விடுவார்களா, போலீஸ் வருமா என்று இன்னும் தெரியவில்லை. நெட்டைமேல் எந்தக் குற்றமும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். டிரைவராக ஓட்ட முடியாது, ஆனால் டெப்போவிலேயே உட்கார்ந்து செய்கிற வேலை கொடுப்பார்கள்.

அடுத்த தாளில் எழுதுவதை உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை ஆஸ்பத்திரிக்குப் போய் அவனிடம் சொன்னேன். மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தபடி படுத்திருந்தான்.

"ஒயரைக் கழட்டச் சொன்னது யாருடா?" என்றான்.

அவனே தொடர்ந்தான்.

"நீ வண்டியை ஓரங்கட்டு, ஸ்விட்ச் வரட்டும்னு சொன்னே. ஒரு நாள் டூட்டி போயிடும்னு நான்தான் கேக்கலை. மினுக்கி மினுக்கிக் கண்ணைக் குத்துதுடா, கழட்டி விடுன்னு ரெண்டு நாள் உன் பின்னாடியே சுத்தினது நான். அதை ஏன் சொல்லலை?"

"நீ ஒயரைப் பத்தியே சொல்லலையே. அது ஏன்?"

"சொன்னா உனக்கு வேலை போயிடும்."

"போயிடுச்சு. காலும் போயி வேலையும் போகணுமா உனக்கு?" என்றேன்.

அவன் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். அதற்குள்ளிருந்து சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. அவ்வளவு நீளமான ஆள் அந்தக் கட்டிலில் எவ்வளவு கொஞ்சமாக இருக்கிறான் என்று நினைத்தேன்.

உன்னிடம் மறைத்தால் எப்படியும் தோண்டி எடுத்துவிடுவாய், அதனால் நானே சொல்லிவிட்டேன். நான் விசாரணையில் சொன்னது உண்மை, முழு உண்மை இல்லை. அவன் கேட்டாலும் கழற்றியது என் கைதான், முடியாது என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். ஆனால் உனக்கு எதையும் அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லை. எழுத வேண்டிய இடத்துக்கு எழுதுவாய் என்றால் எழுது. உன்மேல் கோபப்பட மாட்டேன். அவனுக்கு மட்டும் ஒரு வார்த்தை முன்னால் சொல்லிவிடுவேன்.

தம்பி

*

ஜூலை 17

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. விசாரணையில் நடந்ததெல்லாம் தெரிந்துகொண்டேன். நீ எழுந்து நின்ற இடத்தை மூன்று தடவை படித்தேன். பெருமையாக இருந்தது. என் தம்பி என்று படிவத்தில் எழுதியது சரிதான் என்று நினைத்தேன். வேலை போனதற்கு என்ன செய்வது என்று நேரில் வந்து பேசுகிறேன். போலீஸ் வந்தால் எனக்கு உடனே போன் செய். எடுப்பேன்.

இங்கே உன் மூன்று மாதிரிகளின் கோப்பையும் முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதில் சேர்ப்பதற்கு இனி ஒன்றும் இல்லை.

முதல் தாளின் கடைசியில், அடுத்த தாளில் எனக்கு மட்டும் ஏதோ எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாய். உறைக்குள் ஒரு தாள்தான் இருந்தது. தபாலில் எங்கேயோ விழுந்திருக்க வேண்டும். தேடவும் வேண்டாம், திரும்ப எழுதி அனுப்பவும் வேண்டாம்.

நெட்டையை நான் விசாரித்ததாகச் சொல். போர்வையை முகத்திலிருந்து எடுத்துவிட்டு நன்றாகத் தூங்கச் சொல்.

அக்கா